எஞ்சின் மாற்றிய பழைய காருக்கு ஆர்.சி.யில் ஒரு வரி: போக்குவரத்துத் துறைக்குத் திறந்த மடல்

பெறுநர்: ஒன்றிய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புதுதில்லி, போக்குவரத்து ஆணையர், தமிழ்நாடு.

வணக்கம்.

1968-இல் பதிவான அம்பாசடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் கம்பெனி வைத்தது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் வழிவந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதே பாடியில், அதே உத்தரபாரா தொழிற்சாலையில், 1990களின் தொடக்கத்திலிருந்து இந்துஸ்தான் மோட்டார்ஸே 1817 சி.சி. இசுசூ எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்து '1800 ஐ.எஸ்.இசட்.' என்று விற்றது. இப்போது 1968 வண்டியின் உரிமையாளர் அந்த இசுசூ எஞ்சினைத் தன் வண்டியில் இறக்குகிறார். அதை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏற்றச் சட்டப்படி அவர் எந்த மேசைக்குப் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு வேறு பதில் வருகிறது. எழுதப்பட்ட ஒரே பதில் வேண்டும் என்று கேட்கவே, பழைய கார்களுக்கு எஞ்சின் வேலை செய்யும் பட்டறைக்காரர்களான நாங்கள் இந்த மடலை எழுதுகிறோம்.

முதலில், ஏன் மாற்றுகிறார்கள்? வேகத்துக்காக மாற்றுபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை வேறு. 1489 எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 73.025 மி.மீ. தேய்மானம் ஏற ஏற 20, 40, 60 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ரீபோர் செய்து, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவார்கள். 60 தாண்டினால் பிளாக்கைத் துளைத்து ஸ்லீவ் இறக்க வேண்டும். கிராங்கையும் அப்படித்தான் ஒவ்வொரு சைஸாகக் கிரைண்டிங் செய்து கடைசி அளவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அதன்பின் நல்ல பேரிங் கிடைக்காது, ஆயில் பிரஷர் நிற்காது. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. பிரீமியர் பத்மினி கார் அதற்கும் பத்தாண்டுக்கு மேல் முன்பே போய்விட்டது. வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு உதிரிபாகம் தேடுவது தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. பாடி நன்றாக இருக்கும், எஞ்சின் செத்திருக்கும். அந்த வண்டியை ஓட வைக்க மிஞ்சும் வழி வேறு எஞ்சின்தான்.

இங்கே ஒரு கணக்கு. 73.025 மி.மீ. போரில் 20 தவ் ரீபோர் செய்தால் 1489 சி.சி. எஞ்சின் ஏறக்குறைய 1510 சி.சி. ஆகிறது. 60 தவ்வில் 1552. ஆர்.சி.யில் 1489 என்றுதான் நிற்கும். அது மாற்றம் என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். ஆர்.சி.யில் உள்ள சி.சி. என்பது கம்பெனி எழுதிய எண், எஞ்சினின் உண்மையான அளவு அல்ல என்பதைத் துறை ஏற்கெனவே நடைமுறையில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

இனிச் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது: மாநில விதிகள் இடம் கொடுத்தாலும் சட்டம்தான் நிற்கும், உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து விலகக்கூடாது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவைக் கொண்டுவந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆனால் அதே 52-ஆவது பிரிவுக்குள்ளேயே எஞ்சின் மாற்றம் என்ற சொல் இருக்கிறது. 'அதே மேக், அதே டைப்' எஞ்சினை வைக்க, பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவருக்கு முன் ஒப்புதலே தேவையில்லை என்று மாநில அரசு அறிவிக்கை வெளியிடலாம். மாற்றியபின் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஒற்றை வண்டி வைத்திருப்பவர் முன் ஒப்புதல் வாங்கி அதே வேலையைச் செய்யலாம் என்பதே இதிலிருந்து இயல்பாகப் பெறப்படும் பொருள். சிக்கல் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. 'மேக்' என்றால் வண்டி செய்த கம்பெனியா, எஞ்சினை வடிவமைத்த கம்பெனியா? 'டைப்' என்றால் எரிபொருளா, சி.சி.யா, எஞ்சின் குடும்பமா? இசுசூ தொழில்நுட்பத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தானே செய்து, தன் அம்பாசடரிலேயே வைத்து விற்ற எஞ்சின் 'அதே மேக்' ஆகாதா? ஆகும் என்று ஓர் ஆய்வாளர் சொல்லலாம். சி.சி. மாறுகிறது, ஆகாது என்று அடுத்த ஊர் ஆய்வாளர் சொல்லலாம். இருவர் மேலும் தவறில்லை. தவறு, சொல்லைப் பொருளில்லாமல் விட்டதில் இருக்கிறது.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகளும் எஞ்சின் மாற்றியவர்களுக்கு உதவாது. 'விஏ' வரிசை எண், புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டுச் செல்லுபடி எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. மூல எஞ்சினோடு நிற்கும் 1950களின் வண்டிக்கும் எஞ்சின் மாற்றிய வண்டிக்கும் ஒரே பட்டம் கொடுத்தால் முன்னதற்கு மதிப்பில்லை. நாங்கள் கேட்பது பட்டம் அல்ல. ஆர்.சி.யில் உண்மையை எழுத ஓர் இடம்.

அந்த இடம் இல்லாததால் நடப்பது என்ன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 15 ஆண்டு முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வண்டி ஆய்வுக்கு வருகிறது. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். பணம் கட்டி, பென்சில் பிரிண்ட் (பொறித்த நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படி) எடுக்கும்போது எஞ்சின் நம்பர் இடிக்கிறது. அங்கேதான் கெட்ட வேலை தொடங்குகிறது. சில பழைய எஞ்சின்களில் நம்பர் பிளாக்கில் பொறிக்கப்படாமல் சிறு தகட்டில் அடித்து ரிவெட் செய்திருக்கும். பழைய எஞ்சினின் தகட்டைக் கழற்றிப் புது எஞ்சினில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பொறித்த நம்பர் என்றால் கிரைண்டர் போட்டுத் தேய்த்து, வேறு நம்பர் பஞ்ச் செய்வார்கள். திருட்டு வண்டியின் எஞ்சினை மறைப்பவன் செய்வதும் இதே வேலைதான். நேர்மையாக எஞ்சின் வாங்கியவரையும் திருடனையும் ஒரே கருவியைக் கையில் எடுக்க வைக்கிறது இப்போதைய ஏற்பாடு.

காப்பீட்டுப் பக்கம் இன்னும் நேரடியானது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, தனியார் காரின் மூன்றாம் நபர் பிரீமியம் 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், 1500-க்கு மேல் 7,897 ரூபாய். 1489 என்று ஆர்.சி. சொல்லும் வண்டியில் 1817 ஓடினால், ஆண்டுக்கு 4,481 ரூபாய் குறைத்துக் கட்டப்படுகிறது. அதைவிடப் பெரிது, விபத்து நடந்தால் சர்வேயர் பானட்டைத் திறந்து எஞ்சின் நம்பரைப் பார்க்கும் நாள். சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் அங்கேயே படுத்துவிடும். அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்று தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபடும்.

'எஞ்சின் மாற்றினால் வண்டி ஆபத்தாகிவிடும்' என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. மோசமாக மாற்றிய வண்டிகளை நாங்களும் பிரித்துப் பார்க்கிறோம். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் வண்டியைப் பிட்டில் (அடியில் நின்று பார்க்கும் குழியின் மேல்) ஏற்றி அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியும். எங்கள் அனுபவத்தில் கோளாறுகள் எப்போதும் ஒரே சில இடங்களில்தான் வருகின்றன.

முதலிடம் பிரேக்குக்கு. பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்திலும் டிரம், சர்வோ (வேக்குவத்தால் பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் கருவி) கிடையாது. 1489-ஐவிட ஒன்றரை மடங்கு குதிரைத்திறன், 75 அளவுக்கு, இசுசூ கொடுக்கிறது. மணிக்கு 80 கி.மீ. போன வண்டி 100 போகிறது என்றால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.56 மடங்கு. அதே டிரம், அதே வீல் சிலிண்டர் என்றால் மலை இறக்கத்தில் பெடல் தரையைத் தொடும். எஞ்சின் மாற்றியவர் பிந்தைய மாடலின் முன் டிஸ்க், சர்வோ ஆகியவற்றையும் சேர்த்து மாற்றியிருக்கிறாரா என்பதே ஆய்வாளரின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் இறக்கியிருந்தால் இன்னொரு பொறி உண்டு: டீசல் மேனிஃபோல்டில் வேக்குவம் கிடைக்காது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தோ தனியாகவோ வேக்குவம் பம்ப் இல்லாமல் சர்வோ மட்டும் வைத்திருந்தால், அது வெறும் தகரம். எஞ்சினை நிறுத்திப் பெடலை நான்கைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சர்வோ வேலை செய்யவில்லை.

அடுத்து எஞ்சின் உட்காரும் இடம். இசுசூ கியர் பெட்டி நீளம் அதிகம். அதனால் பின் கிராஸ் மெம்பரை நகர்த்த வேண்டும், பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் குறைக்க வேண்டும், கியர் லிவர் ஸ்டியரிங் கம்பத்திலிருந்து தரைக்கு வருவதால் தரையின் நடுமேடான டன்னலை வெட்ட வேண்டும். மவுண்டிங்கை வெறும் பாடித் தகட்டில் வெல்டு வைத்திருந்தால் ஆறு மாதத்தில் தகடு கிழியும். சைடு மெம்பரில், குறைந்தது 3 மி.மீ. தகட்டுப் பட்டை கொடுத்து, போல்ட் போட்டிருக்க வேண்டும். ஷாஃப்டை வெட்டி ஒட்டியவர்கள் அதை பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். 60, 70 கி.மீ.யில் தரை அதிர்ந்தால் பதில் தெரிந்துவிடும். ஸ்லிப் யோக் (ஷாஃப்ட் கியர் பெட்டிக்குள் நுழையும் முனை) முழுவதும் உள்ளே போய் முட்டாமல் 20 மி.மீ. அளவுக்கு இடம் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வேகத்தடையிலேயே கியர் பெட்டியின் பின் பேரிங் அடிவாங்கும். கியர் பெட்டி வெளிவரும் கோணமும் டிஃப்ரன்ஷியல் பினியன் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஷாஃப்டின் மூட்டான யு.ஜே. கிராஸ் அடிக்கடி போகும். அம்பாசடரின் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) என்பதால், புது எஞ்சினின் எடைக்கு ஏற்ப உயரத்தைத் திரும்ப அமைத்திருக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூக்கு தாழ்ந்த வண்டி திருப்பத்தில் எப்படி நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, ஆயில் சம்ப்பிலோ மேனிஃபோல்டிலோ எதுவும் உரசவில்லை என்று பார்ப்பதும் இங்கேயே முடியும்.

தீப்பிடிக்கும் இடம் பெட்ரோல் லைன். கார்புரேட்டர் எஞ்சினின் மெக்கானிக்கல் பம்ப் 0.3 பார் அளவுக்கே அழுத்தம் கொடுக்கும். கார்புரேட்டருக்குப் பதில் அழுத்தத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் இறக்கினால் லைனில் 3 பார். பழைய ரப்பர் ஹோஸையும் சாதாரணக் கிளிப்பையும் வைத்தே இதை ஓட்டுபவர்கள் உண்டு. பத்து மடங்கு அழுத்தத்தில் அந்த ஹோஸ் மேனிஃபோல்டுக்கு மேலேயே வெடிக்கும். உயர் அழுத்த ஹோஸ், டேங்குக்குத் திரும்பும் லைன், எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கும் ரிலே ஆகிய மூன்றும் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. மாற்றத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நாங்களே நன்றி சொல்வோம்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: டைனமோ காலத்து வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அதைத் திருப்பாமல் ஆல்டர்னேட்டர் மாட்டினால் முதல் நொடியிலேயே டயோடு போகும். 20 ஆம்பியருக்குப் போட்ட வயரில் 50, 60 ஆம்பியர் ஓடினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் புகை வரும். எஞ்சினிலிருந்து பாடிக்கு எர்த் பட்டை விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் சூடேறி இறுகிக்கொள்ளும்.

புகைச் சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை எங்கள் வாயாலேயே சொல்கிறோம். 2000 மார்ச்சுக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசுத் தரம்) காருக்கு 0.3 சதவீதம், 200 பி.பி.எம். சோதனை மையம் ஆர்.சி.யில் உள்ள ஆண்டைத்தான் பார்க்கும். எனவே 1968 வண்டியில் பி.எஸ்.4 எஞ்சினை இறக்கி, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி விற்றுவிட்டாலும் 3 சதவீத வரம்பில் சுலபமாகத் தேறும். மாற்றிய வண்டிக்கு எஞ்சின் பிறந்த ஆண்டின் வரம்பே பொருந்தும் என்று விதி செய்யுங்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது: எஞ்சின் வண்டியின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும், அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் கூடவே வர வேண்டும், தனி ஆய்வாளர் பார்த்து வண்டியின் கதவுத் தூணில் ஓர் ஒட்டுச்சீட்டு ஒட்டுவார். பிரிட்டனில் சி.சி. மாறினால் புது எஞ்சினின் ரசீதையோ உற்பத்தியாளரின் கடிதத்தையோ காப்பீட்டு ஆய்வறிக்கையையோ அனுப்பிப் பதிவேட்டைத் திருத்திக்கொள்ளலாம். நம் ஊருக்கு அவ்வளவு தளர்வு வேண்டாம்.

நாங்கள் கேட்பது இரண்டு கதவு.

ஒன்று, மாநில அளவில் ஒரு சுற்றறிக்கை. அதே உற்பத்தியாளர், அதே பாடியில், எந்தக் காலத்திலாவது தொழிற்சாலையிலேயே வைத்து விற்ற எஞ்சினை 'அதே மேக், அதே டைப்' என்று கொள்ளலாம் என்று அது சொல்ல வேண்டும். அம்பாசடருக்கு 1489 பெட்ரோல், 1489 டீசல், 1817 இசுசூ பெட்ரோல், 1995 இசுசூ டீசல். பத்மினிக்கு 1089 பெட்ரோலும், கடைசிக் காலத்தில் வந்த 1366 டீசலும். இப்படி மாடல் வாரியாக ஒரே பக்கத்தில் பட்டியல் முடிந்துவிடும். எரிபொருளே மாறும் இடத்தில் சட்டத் துறை தயங்கினால் பெட்ரோலுக்குப் பெட்ரோல், டீசலுக்கு டீசல் என்றாவது தொடங்குங்கள். இந்தச் சுற்றறிக்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு மோதாது என்பது எங்கள் வாதம். உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு வெளியே நாங்கள் போகவில்லை. மூல விவரம் என்பது அந்த மாடலுக்கா, அந்த ஒற்றை வண்டிக்கா என்பதே கேள்வி.

இரண்டு, ஒன்றிய அளவில் ஒரு விதி. பட்டியலில் இல்லாத எஞ்சின்களுக்கு, பத்மினியில் மாருதி எஞ்சின் போன்றவற்றுக்கு, சுற்றறிக்கை போதாது. 2019 திருத்தச் சட்டம், மாற்றங்களுக்கான விவரக்குறிப்பையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை 52-ஆவது பிரிவிலேயே ஒன்றிய அரசுக்குச் சேர்த்திருக்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட்டுக்கு விதி இருக்கிறது. எஞ்சினையே தூக்கிவிட்டு மின்மோட்டார் வைக்க ஏ.ஐ.எஸ். 123 தரநிலை இருக்கிறது. பழைய காரில் எஞ்சினுக்குப் பதில் எஞ்சின் வைக்கத்தான், எங்களுக்குத் தெரிந்து, இப்படித் தெளிவான வழி இல்லை. ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி., புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட் ஆகிய வாகனச் சோதனை மையங்களில் ஒற்றை வண்டி ஆய்வு ஒன்றைத் தொடங்கலாம்: பிரேக் தூரம், புகை, ஒலி, மவுண்டிங் வெல்டு, எரிபொருள் லைன், ஸ்பீடோமீட்டர் பிழை. கியர் பெட்டி மாறினால் ஸ்பீடோமீட்டர் நிச்சயம் பொய் சொல்லும் என்பதால் கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஒரு புது மாடலுக்குச் செய்வதுபோல் மோதல் சோதனை கேட்டால் கதவு திறந்தும் மூடியதாகவே இருக்கும். ஒரே ஒரு வண்டியை வைத்திருப்பவர் அதை மோதவிட்டு எதை ஓட்டுவார்?

காகிதம் கண்டிப்பாக இருக்கட்டும். எஞ்சினுக்கு ஜி.எஸ்.டி. பில் வேண்டும். அதில் எஞ்சின் நம்பரும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் பதிவெண்ணும் எழுதியிருக்க வேண்டும். அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான சான்று வேண்டும். குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் எஞ்சின் நம்பர் போட்டு எடுத்த, திருட்டுப் பட்டியலில் இல்லை என்ற அச்சுப்படி வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் எஞ்சின் வாங்குபவருக்கு இதில் பாதிகூட இன்று கிடைக்காது, கேட்பாரும் இல்லை. ஒப்புதலுக்கு அவசியம் என்றால் கடைக்காரர் கொடுக்கத் தொடங்குவார். கழற்றிய பழைய எஞ்சினின் நம்பரும் பதிவேட்டில் 'நீக்கப்பட்டது' என்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் அது நாளை இன்னொரு வண்டியில் இன்னொரு பெயரில் முளைக்கும்.

வண்டிப் பதிவுக்கான 'வாகன்' மென்பொருளில் ஒரு சிறு திருத்தமும் வேண்டும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புக்குகளைக் கணினியில் ஏற்றியபோது பூஜ்யம் 'ஓ' ஆனது, ஒன்று 'ஐ' ஆனது, முன்னெழுத்துகள் விடுபட்டன. எஞ்சினே மாற்றாத வண்டிகூட இதனால் 'நம்பர் பொருந்தவில்லை' என்று நிற்கிறது. எழுத்துப் பிழையையும் எஞ்சின் மாற்றத்தையும் தனித்தனி விண்ணப்பமாகப் பிரித்துவிட்டால் ஆய்வாளரின் வேலையும் குறையும்.

கடைசியாக, ஏற்கெனவே மாற்றி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள். இவற்றுக்கு ஒருமுறை மட்டும் ஆறு மாத அவகாசம் கொடுங்கள். எஞ்சின் நம்பர் தேய்க்கப்படாமல் இருந்தால், திருட்டுப் பட்டியலில் இல்லாமல் இருந்தால், மேலே சொன்ன ஆய்வில் தேறினால், அபராதம் கட்டச் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றுங்கள். 5,000 ரூபாயைக் கட்ட உரிமையாளர்கள் தயங்கமாட்டார்கள். தேய்த்த நம்பரோடு வரும் வண்டிக்கு இந்தச் சலுகை வேண்டாம், அதை வழக்கம்போல் காவல் நிலையத்துக்கே அனுப்புங்கள். ஆய்வுப் பட்டியலைத் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். எந்த வெல்டை எந்தக் கோணத்தில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று வண்டிக்கு அடியில் படுத்தே காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
பழைய கார்களுக்கு எஞ்சின் வேலை செய்யும் பட்டறைக்காரர்கள்